நண்பர் குடித்துவிட்டு என் காரை ஓட்டினார், இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: கார் உங்கள் பெயரில் இருக்கிறது, பேக்கேஜ் பாலிசியும் நடப்பில் இருக்கிறது. நண்பர் கேட்டார் என்று சாவியைக் கொடுத்தீர்கள். அவர் ஒரு விருந்தில் குடித்துவிட்டு ஓட்டி, பைக் ஒன்றின் மீது மோதிவிட்டார். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு, உங்கள் காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது. நீங்கள் குடிக்கவும் இல்லை, அந்தக் காரில் இருக்கவும் இல்லை. அப்படியிருக்க கிளைம் கிடைக்குமா, கிடைக்காதா?

கார் பழுதுக்கான பணம் அநேகமாகக் கிடைக்காது. பைக்கில் வந்தவருக்கான இழப்பீடு கிடைக்கும், ஆனால் அந்தத் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் பிறகு உங்களிடமே வசூலிக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. பம்பர், பானெட், ஏர்பேக் செலவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். உண்மையான சுமை மறுபக்கம் காத்திருக்கும். இந்தியச் சட்டமும் இங்குள்ள பாலிசி வாசகமும் என்ன சொல்கின்றன என்று விரிவாகச் சொல்கிறேன்.

பேக்கேஜ் பாலிசி ஒரே காகிதமாக இருந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி பாதுகாப்புகள் இருக்கின்றன. உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ், பிறருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு நேரும் மரணம் அல்லது ஊனத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. மது என்ற ஒரே உண்மை இந்த மூன்றையும் மூன்று விதமாகப் பாதிக்கிறது.

முதலில் ஓன் டேமேஜ். பாலிசி புத்தகத்தின் முதல் பிரிவில், நிறுவனம் எதற்கெல்லாம் பணம் தராது என்ற பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரியின் சாரம் இது: காப்பீடு செய்தவரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு வண்டியை ஓட்டும் எவருமோ, மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருக்கும்போது ஏற்படும் விபத்துச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பாலிசி விதிகள் இருந்த பழைய மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்தே வரும் வாசகம் இது. எந்த நிறுவனத்தின் பாலிசியைப் புரட்டினாலும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் பார்ப்பீர்கள்.

"தெரிந்து, சம்மதத்தோடு" என்பதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "அவன் குடித்திருந்தது எனக்குத் தெரியாது, அதனால் இந்த விதி எனக்குப் பொருந்தாது" என்பார்கள். வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். தெரிந்திருக்க வேண்டியதும் சம்மதித்திருக்க வேண்டியதும் அவர் ஓட்டுவதற்கு, குடித்ததற்கு இல்லை. சாவியை நீங்கள் மனமறிந்து கொடுத்தீர்கள், அதுவே போதும். காரைத் திருடிக்கொண்டு போனவன் குடித்திருந்தால் கதை வேறு, அங்கே உங்கள் சம்மதம் இல்லை. சர்வீசுக்கு விட்ட காரை மெக்கானிக் யாருக்கும் சொல்லாமல் ஊர்சுற்ற எடுத்துப்போய் இடித்தால், சம்மதம் எதுவரை இருந்தது என்று வாதாட இடம் இருக்கிறது. நண்பருக்கு நீங்களே கொடுத்த வண்டியில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

இன்னொரு சொல்லும் முக்கியம்: "இருக்கும்போது". மதுவால்தான் விபத்து நடந்தது என்று அந்த வரி கேட்கவில்லை. மதுவின் பிடியில் இருக்கும்போது நடந்ததா என்று மட்டும் கேட்கிறது. சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றிருந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்தாலும், காரை ஓட்டியவர் போதையில் இருந்தால் வாசகப்படி உங்கள் ஓன் டேமேஜ் கிளைமை மறுக்க முடியும். கடுமையான விதிதான். ஆனால் அப்படிப்பட்ட வழக்கில் ஒரு மாற்று வழி உண்டு. தவறு லாரியுடையது என்பதால், காரின் சேதத்தை லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசியிடமிருந்து மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் மோதியது உங்கள் கார் என்பதால் இது உதவாது.

ஓன் டேமேஜ் மறுக்கப்பட்டால் அதன் மேல் கட்டிய எல்லாமும் சேர்ந்து விழும். பம்பர் டு பம்பர், எஞ்சின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்று கூடுதலாகப் பணம் கட்டி வாங்கிய எதுவும் தனித்து நிற்காது. "முழுசா தராவிட்டாலும் முக்கால்வாசி தருவார்களாமே" என்று ஒரு பேச்சு உண்டு. பாலிசி நிபந்தனையை மீறிய சில வழக்குகளில், உதாரணமாகச் சொந்தக் காரை வாடகைக்கு விட்ட வழக்கில், 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் வந்த பேச்சு அது. மது விஷயம் பாதுகாப்பின் எல்லைக்கே வெளியே வைக்கப்பட்ட விலக்கு. அந்த 75 சதவீதத்தை நம்பி ஒர்க்‌ஷாப்பில் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள்.

"சரி, குடித்தார் என்று நிரூபிக்க வேண்டுமே?" ஆம், நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதை 2021 ஏப்ரலில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. இஃப்கோ டோக்கியோ நிறுவனத்துக்கும் பேர்ல் பெவரேஜஸ் என்ற கம்பெனிக்கும் நடந்த வழக்கு அது. 2007 டிசம்பரில், டெல்லி இந்தியா கேட் பக்கம், நள்ளிரவு கடந்த நேரத்தில் ஒரு போர்ஷே கார் கட்டுப்பாடிழந்து மோதி, கவிழ்ந்து, தீப்பிடித்து முழுச் சேதமானது. கார் கம்பெனியின் பெயரில் இருந்தது, ஓட்டியவர் வேறு நபர். மூச்சுப் பரிசோதனை நடக்கவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவும் இல்லை. மருத்துவமனைக் குறிப்பில் மது வாடை என்ற பதிவு இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் கார் உரிமையாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

அதன் காரணம் கவனிக்க வேண்டியது. குற்ற வழக்கில் தண்டனை கொடுக்க, குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு சொல்லும் மது அளவு வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தின் விலக்கைப் பயன்படுத்த அந்த அளவு நிரூபணம் கட்டாயமில்லை. பரிசோதனை நடக்காத நிலையில், நேரம், சாலையின் நிலை, விபத்து நடந்த விதம், மது வாடை, காவல் நிலையப் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று முடிவுக்கு வரலாம். வாடை மட்டும் இருந்து வேறெதுவும் இல்லையென்றால் நிறுவனத்தின் வாதம் பலவீனமானதுதான், ஏனென்றால் வாடை குடித்ததைக் காட்டுமே தவிர எவ்வளவு என்பதைக் காட்டாது. ஆனால் காலியான அகலச் சாலையில், எதிரே எந்த வண்டியும் வராதபோது, கார் தானாகப் போய்ச் சுவரில் மோதியிருந்தால் அந்தச் சூழ்நிலையே பேசத் தொடங்கிவிடும். பரிசோதனைக்குத் தப்பிவிட்டால் கிளைம் தப்பிவிடும் என்ற நினைப்பு இந்தத் தீர்ப்புக்குப் பிறகு செல்லாது. போதாக்குறைக்கு, கைதான ஓட்டுநர் தக்க காரணமின்றிப் பரிசோதனைக்கு மறுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 205ஆம் பிரிவு அந்த மறுப்பையே அவருக்கு எதிரான ஒரு சூழ்நிலையாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது.

185ஆம் பிரிவின் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். குடித்திருக்கிறார் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்து ஓட்டத் தூண்டியவருக்கும் 188ஆம் பிரிவின்படி அதே தண்டனை உண்டு.

உடல் ஆல்கஹாலைக் கரைக்கும் வேகம் ஏறக்குறைய நிலையானது: 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதை வேகப்படுத்தாது. நள்ளிரவு 12 மணிக்கு ஒருவர் ரத்தத்தில் 120 மில்லிகிராம் இருந்தால், மணிக்கு 15 வீதம் குறைந்து காலை 6 மணிக்கு 30க்கு வரும். நன்றாகத் தூங்கி எழுந்துதான் வண்டி எடுத்திருப்பார், தெளிவாக இருப்பதாகவும் நினைப்பார், ஆனால் சட்ட எல்லையில்தான் நிற்கிறார். இதே கணக்கைப் பின்னோக்கியும் போடுவார்கள். விபத்து நடந்து 3 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 25 மில்லிகிராம் என்று வந்தால் "எல்லைக்குக் கீழேதானே" என்று நிம்மதி அடைய முடியாது. 3 மணி நேரத்துக்கு 45 சேர்த்தால் விபத்து நேரத்தில் 70 என்று நிறுவனத்தின் நிபுணர் வாதிடுவார். எதிர்வாதமும் இருக்கிறது: கடைசி மிடறு விபத்துக்குச் சற்று முன்புதான் என்றால் அளவு அப்போது ஏறுமுகத்தில் இருந்திருக்கும், இறங்குமுகக் கணக்கு பொருந்தாது. அதனால் எப்போது குடித்தார், எப்போது விபத்து, எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்ற மூன்று நேரங்களும் மதுவின் அளவுக்குச் சமமாக முக்கியம்.

ரத்தம் எடுத்த விதத்தையும் பாருங்கள். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார்களா, ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடு சேர்த்த குழாயில் சேமித்தார்களா, சீல் வைத்து அனுப்பினார்களா, ஆய்வகத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பவை நியாயமான கேள்விகள். உண்மையில் குடிக்காத ஒருவர் மீது தவறான முடிவு விழுந்திருந்தால் அவரைக் காப்பாற்றப் போவது இந்த விவரங்கள்தான்.

போதைப்பொருள் விஷயம் இன்னும் சிக்கலானது. மதுவுக்கு 30 என்று எண் இருப்பதுபோல மருந்துகளுக்கு எண் இல்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தாரா என்றுதான் 185 கேட்கிறது. பாலிசி வாசகமோ வெறுமனே மருந்து, போதைப்பொருள் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்ததா, திருட்டுத்தனமாக வாங்கியதா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலிநிவாரணி, சில சளி மருந்துகள், அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் தூக்கக் கலக்கம் தருபவை. "வண்டி ஓட்டக் கூடாது" என்று அட்டையிலேயே அச்சிட்ட மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டியதாக மருத்துவமனைக் குறிப்பில் வந்தால் நிறுவனம் நிச்சயம் கேள்வி கேட்கும். அதே நேரம் ஒரு நேர்மையான மறுப்பும் இங்கே உண்டு. கஞ்சாவின் சிதைபொருள் சிறுநீரில் பல நாள், அடிக்கடி பயன்படுத்துபவருக்கு வாரக்கணக்கிலும் தங்கும். சிறுநீரில் அது தென்பட்டதாலேயே விபத்து நேரத்தில் அதன் பிடியில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. அப்படி ஒரே ஒரு சிறுநீர் முடிவை வைத்து கிளைம் மறுக்கப்பட்டால், அதை எதிர்த்துப் போராடத் தகுந்த காரணம் இருக்கிறது.

இனி தேர்ட் பார்ட்டி. பைக்கில் வந்தவருக்கு நீங்கள் எடுத்த பாலிசியின் உள்விதிகள் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் தன் பாதையில் வந்தார், கால் முறிந்து படுத்திருக்கிறார். கட்டாய தேர்ட் பார்ட்டி காப்பீடு இருப்பதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், ஓட்டுநர் குடித்திருந்தார் என்பது தேர்ட் பார்ட்டிக்கு எதிராக நிறுவனம் எடுத்து வைக்கக்கூடிய காரணங்களின் பட்டியலிலேயே இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய 150ஆம் பிரிவில் அதுவும் சேர்ந்துவிட்டது. இதைப் பார்த்து, பாதிக்கப்பட்டவருக்கே இனி எதுவும் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நீதிமன்றங்கள் அப்படி விட்டுவிடவில்லை. லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் தொடர்பான 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கிலிருந்து வளர்ந்த "பே அண்ட் ரெகவர்" முறையை இங்கும் கையாள்கின்றன: நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் வசூலித்துக்கொள்ளட்டும். மது விபத்து ஒன்றில் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் இப்படித்தான் சொன்னது. இது சரியான நிலை என்பதே என் உறுதியான கருத்து. யாரோ குடித்ததற்கு ரோட்டில் போனவர் ஆஸ்பத்திரி பில்லோடு அல்லாடக் கூடாது.

உங்களுக்கு அதன் பொருள் என்ன? பாலிசி இருந்தும் இல்லாததுபோல. கால் முறிவு என்பதால் தொகை ஓரளவில் நிற்கலாம். உயிரிழப்பு ஆகியிருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். இறந்தவர் வயது 30, நிரந்தர வேலை, மாதம் 30,000 ரூபாய் சம்பளம், அவரை நம்பி மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்த்தால் 5,40,000. அவரது சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 3,60,000. அந்த வயதுக்கு நீதிமன்றங்கள் பயன்படுத்தும் பெருக்கெண் 17. மொத்தம் 61,20,000 ரூபாய். வரி போன்ற கழிவுகள் போனாலும், மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் மற்ற இழப்பீட்டுத் தலைப்புகளின் தொகையும் ஏறும். இதை வசூலிக்க நிறுவனம் தனி வழக்குப் போட வேண்டியதில்லை; நஞ்சப்பன் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவை நேரடியாகப் போட்டாலே போதும். காரையும் பிற சொத்துகளையும் ஜப்தி செய்ய முடியும். நீங்கள் குடிக்கவில்லை என்பது அங்கே பதிலாகாது, ஏனென்றால் உரிமையாளரும் ஓட்டுநரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. நண்பரிடம் பணம் இல்லையென்றால் முழுதும் உங்கள் தலையில்.

தனிநபர் விபத்துக் காப்பீடு இந்தக் கேள்விக்குப் பொருந்தாது, ஆனாலும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கான அந்த 15 லட்சம் ரூபாயும், அவரே போதையில் ஓட்டி இறந்தால் கிடையாது. தேர்ட் பார்ட்டியிலும் அவருக்கு இடமில்லை, ஓட்டியவர் மூன்றாம் நபராக மாட்டார். கைக்குழந்தையோடு நிற்கும் மனைவிக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்? கிளைம் படிவத்தில் "ஓட்டுநர் மது அல்லது போதையின் பிடியில் இருந்தாரா" என்று ஒரு கட்டம் இருக்கும். ஓட்டியவர் பெயருக்கும் ஒரு கட்டம். அந்த இரண்டிலும்தான் பலர் விழுகிறார்கள். "நீங்களே ஓட்டியதாக எழுதிவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒர்க்‌ஷாப்பிலோ இடைத்தரகரோ சொல்லக்கூடும். செய்யாதீர்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைக் காவல் துறை தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி. எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி, சாலைக் கேமராப் பதிவு, செல்போன் இருந்த இடம் எல்லாவற்றையும் புலனாய்வாளர் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். சீட் பெல்ட்டின் தழும்பு எந்தத் தோளில் விழுகிறது என்பதுகூடச் சாட்சி: நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநருக்கு வலது தோள், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இடது தோள். ஆள் மாற்றியது வெளிவந்தால் மது விலக்கோடு பொய்த் தகவல் என்ற காரணமும் சேரும், அது மோசடி வழக்காகவும் மாறலாம். உண்மையை எழுதினால் அந்தக் கூடுதல் சிக்கலாவது வராது.

விபத்துத் தகவலை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள்; ஓன் டேமேஜ் கேட்கப்போவதில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவு, ரத்த அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல்களை வாங்கி வையுங்கள். நண்பர் உண்மையில் எல்லைக்குக் கீழே இருந்தார் என்று அந்தக் காகிதங்கள் காட்டினால், கிளைமைப் போடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, பிறகு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை விசாரிப்பார்கள், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் 2 ஆண்டுக் கெடு.

தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் கட்டாயம் போங்கள். "இன்சூரன்ஸ்காரன் பார்த்துக்கொள்வான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். இந்த வழக்கில் நிறுவனத்தின் நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. நண்பர் குடித்திருந்தார் என்று நிரூபித்துப் பணத்தை உங்களிடம் திருப்பிவிடுவதே அவர்களது வக்கீலின் வேலை. நீங்கள் தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். ரத்த முடிவு, நேரக் கணக்கு, விபத்தில் பைக்கின் பங்கு ஏதும் உண்டா என்பவற்றைக் கேட்க அங்கே உங்கள் பக்கம் வேறு யாரும் இல்லை.

பைக்கில் வந்தவரின் குடும்பத்திடம் உங்கள் பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் மறைக்காமல் கொடுங்கள். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. சிகிச்சை அந்தக் காலத்துக்குள் இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். எலும்பு சரியாகக் கூடினால் அவருக்கு நல்லது, ஊனத்தின் சதவீதம் குறைந்தால் பின்னால் உங்களிடம் வசூலாகும் தொகையும் குறையும்.